கப்பலிலேயே கட்டிய முன்பணம்

அன்பு மகள் சின்னக்குட்டிக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் சுகம். கப்பலை விட்டு இறங்கி ஒன்பது நாளாகியும் அம்மாவுக்கு மட்டும் தரை ஆடுகிறதாம், சமையலறையில் அலமாரியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள், மற்றபடி குறை ஒன்றும் இல்லை. நீயும் உன் கடையும் கடைக்கு முடி வெட்டிக்கொள்ள வருகிற நாய்களும் சுகம்தானே. போனில் பேசினால் நீ "சரிப்பா" என்பாய், நான் "சரிம்மா" என்பேன், உடனே போன் அம்மா கைக்குப் போய்விடும், மூன்று வருடமாக இதுதான் வழக்கம், அதனால்தான் எழுதுகிறேன். கப்பலில் இருக்கும்போதே அடுத்த பயணத்துக்குப் பதிவு செய்தால் நிஜமாகவே காசு மிச்சமா என்று நீ அம்மாவிடம் கேட்டாயாம், அதெல்லாம் உங்கப்பாவைக் கேளு என்றாளாம். சரியான ஆளிடம்தான் அனுப்பியிருக்கிறாள். முப்பத்தோரு வருடம் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் உட்கார்ந்து, ஆணியிலிருந்து கொதிகலன் வரை மூன்று கொட்டேஷன் வாங்காமல் ஒரு பொருளையும் உள்ளே விடாதவன் நான். ஆகவே விவரமாகவே சொல்கிறேன், கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் படி.

முதலில் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீயும் வருவதாக இருந்து, லீவு கிடைக்கவில்லை என்று பத்து நாளைக்கு முன்னால் சொன்னாய் அல்லவா. சொந்தக் கடை வைத்திருப்பவளுக்கு லீவு தர மறுத்தது யார் என்று நான் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. உன் பெயரை எடுத்தாலும் கட்டிய பணம் திரும்பாது என்று தெரிந்ததால் அண்ணன் அதை அப்படியே விட்டுவிட்டான். அண்ணனும் அண்ணியும் குழந்தையும் பக்கத்து அறையில், நாங்கள் இரண்டு பேரும் மூன்று பேருக்கான அறையில். மூன்றாவது படுக்கை சுவருக்குள்ளேயே மடங்கி இருக்கும், சாயங்காலமானால் அறையைப் பார்த்துக்கொள்கிற நரைத்த மீசைக்காரர் வந்து ஒரு சாவியைப் போட்டு அதைக் கீழே இறக்கி, விரிப்பு விரித்து, ஏணியை மாட்டி, தலையணை மேல் குளியல் துண்டில் ஒரு மிருகம் செய்து வைத்துவிட்டுப் போவார். முதல் நாள் முயல், இரண்டாம் நாள் யானை. காலையில் யாரும் படுக்காத விரிப்பை எடுத்துப் புது விரிப்பு போடுவார். மூன்றாம் நாள் பொறுக்காமல், இதில் படுக்கிறவர் எங்கே என்று கேட்டார். வேண்டாம், இறக்காதீர்கள் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டு, "வருவா" என்றாள். நடுக்கடலில் எங்கிருந்து வருவாள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த பயணத்துக்குப் பதிவு செய்கிற கவுண்டர் ஐந்தாம் மாடியில், சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழியில் இருந்தது. வேண்டுமென்றேதான் அங்கே வைத்திருக்கிறார்கள், சாப்பிட்டு வருகிறவன் எதற்கும் தலையாட்டுவான். அண்ணன் "எல்லாரும் கட்டறாங்கப்பா, நாமளும் கட்டிடலாம்" என்று இரண்டு நாளாக நச்சரித்தான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றேன். இது கடல்ப்பா என்றான். விதியை மீறக் கூடாது, ஆனால் கப்பலில் வேறு கடை கிடையாது, நெட்டும் சரியாக வரவில்லை, அதனால் ஒரே கவுண்டரில் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போய் மூன்று கொட்டேஷன் வாங்குவது என்று முடிவு செய்தேன். காலையில் ஒரு பெண், மத்தியானம் ஒரு வழுக்கைத் தலையர். சாயங்காலம் இருந்தவள் வேறொருத்தி என்று நினைத்து முதலிலிருந்து எல்லாவற்றையும் விசாரித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், நான் காலையில இருந்த அதே பொண்ணுதான், கண்ணாடியைக் கழட்டிட்டேன், விலை மாறல" என்றாள். மூன்று தாளையும் தேதி போட்டுக் கோப்பில் வைத்தேன்.

கோப்போடு அறைக்கு வந்தால், அம்மா கையில் ரசீது. நான் மூன்றாவது விலை கேட்டுக்கொண்டிருந்தபோதே அதே கவுண்டரின் அடுத்த முனையில் நின்று முன்பணம் கட்டியிருக்கிறாள். இத்தனை வருடத்தில் என்னைக் கேட்காமல் அவள் வாங்கிய முதல் பொருள் இது. வாங்கிப் பார்த்தேன், அடுத்த வருடம் இதே மாதம், மூன்று பேருக்கான அறை, என் பெயர், அவள் பெயர், உன் பெயர். அவளைக் கேட்டாயா என்றேன். "கேட்டா லீவு இல்லம்பா. கட்டிட்டா வந்துடுவா. காசு வீணாப் போறது அவளுக்கும் பொறுக்காது, அந்தப் புத்தி அப்படியே உங்களுது" என்றாள். இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்றும் சொன்னாள், சொல்லிவிட்டேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். ஊர் திரும்பியதும் மூன்று டிராவல் ஏஜென்டுகளிடம் ஒழுங்கான முறையில் விலை வாங்கினேன். இரண்டு பேர் கப்பல் விலையேதான் சொன்னார்கள், ஒருவர் பை ஒன்று இலவசம் என்றார். மூன்றாமவர் குறைத்தே சொன்னார், ஒரு நல்ல குடை வாங்குகிற அளவுக்கு. கப்பலில் கட்டினால் முன்பணம் பாதிதான், அதோடு அடுத்த முறை கப்பலுக்குள் செலவு செய்ய ஒரு தொகை தருகிறார்கள், ஆனால் அதைக் கொண்டு மது குடிக்கலாம் அல்லது உடம்பு பிடித்துவிடச் சொல்லலாம், நான் குடிப்பதில்லை, அம்மா தன்னை யாரும் தொட விடமாட்டாள். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. உறுதியாக வருகிறவர்களுக்குக் கொஞ்சம் மிச்சம், வருவார்களா மாட்டார்களா என்று தெரியாதவர்களுக்கு வீண். அடுத்த மாதம் பதினைந்தாம் தேதிக்குள் ரத்து செய்தால் முன்பணம் முழுவதும் திரும்பும், அதற்கான படிவத்தையும் நிரப்பி, கையெழுத்து மட்டும் போடாமல் மேஜை மேல் வைத்திருக்கிறேன்.

ஏன் போடவில்லை என்றால், கப்பலில் கடைசி நாள் அந்த மீசைக்காரர் துண்டில் ஒரு நாய் செய்து வைத்திருந்தார். அம்மா வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு, காது சரியில்லை, சின்னக்குட்டி பார்த்தா விடமாட்டா என்றாள். நான் ஏணியில் இரண்டு படி ஏறி ஒரு காதைக் கொஞ்சம் இழுத்துவிட்டேன், மொத்த நாயும் அவிழ்ந்து வெறும் துண்டாக விழுந்தது. அம்மா அதை எடுத்து மடித்து வைத்தாள். எனக்குத்தான் நீ வீட்டை விட்டுப் போனதற்கு முந்தின நாள் ஞாபகம் வந்தது. வங்கி வேலையை விட்டுவிட்டு நாய்களுக்கு முடி வெட்டப் போகிறேன் என்று நீ சொன்னதும், பேங்க் மேனேஜர், ஆடிட்டர், நம் குடும்ப டாக்டர் என்று மூன்று பேரிடம் கருத்துக் கேட்டு, தாளில் எழுதிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் உன் முகத்துக்கு நேராக வாசித்தேன். மூன்று பேருமே தப்பு என்றுதான் சொல்லியிருந்தார்கள். நீ சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "நாலாவதா என்கிட்டயும் ஒண்ணு கேட்டிருக்கலாமேப்பா" என்றாய். மறுநாள் காலை கிளம்பிவிட்டாய். கொள்முதல் பிரிவில் நான் ஒரு நாளும் தவறு செய்ததில்லை, வீட்டில் செய்துவிட்டேன். அது என் தப்புதான் சின்னக்குட்டி. அந்த மூன்று பேர் சொன்னதும் தப்பு, இப்போது உனக்கு இரண்டு கடை, ஆடிட்டர் அவர் வீட்டு நாயை உன்னிடம் காட்ட முடியுமா என்று கேட்கிறார், முடியாது, தூரம் என்று சொல்லிவிட்டேன்.

குளிர் காலத்தில் ஈரக் கையோடு வெளியே போகாதே. கத்தரிக்கோலை மூடி வைத்துவிட்டுப் போன் பேசு. கடிக்கிற நாய்க்குக் கூடுதல் கட்டணம் வாங்கு, வெட்கப்படாதே. உன் பாஸ்போர்ட் அடுத்த வருடம் எந்த மாதம் முடிகிறது என்று எடுத்துப் பார். நீ எங்கே இருந்தாலும் உடம்பும் மனசும் நன்றாக இருக்க அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம்.

ஆறு விலைப் பட்டியல் கையில் இருந்தும் கோப்பை மூட முடியவில்லை. பதினைந்தாம் தேதிக்குள் உன் பதிலை எழுது, அல்லது போனில் சொல், இந்த முறை போனை அம்மாவிடம் கொடுக்கமாட்டேன். வருகிறாயா என்று உன்னைத்தான் கேட்கிறேன், இனி வேறு யாரையும் கேட்கப் போவதில்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா