பச்சைப் பொட்டு

மூலக்குளம், புதுச்சேரி
11.11.2024

மேனேஜர் தம்பி புருஷோத்தமனுக்கு, கவிநிலாவின் ஆயா தனக்கொடி எழுதுவது.

என் பேத்திக்கு நீங்கள் அனுப்பிய நோட்டீஸ் வந்தது. பச்சை விளக்கு எரிகிறது, கேட்டால் பதில் இல்லை, வேலையும் நடக்கவில்லை என்று இங்கிலீஷில் போட்டிருப்பதாகப் பக்கத்து வீட்டுக் கமலா படித்துச் சொன்னாள். தம்பி, அது அவள் இல்லை. நான்.

டெங்கு காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது, "ஊசி போட்டுட்டு வந்துடறேன் ஆயா. கம்ப்யூட்டர்ல என் பேர் பக்கத்துல இருக்கிற பச்சைப் பொட்டு மஞ்சளாப் போவாம அப்பப்போ தொட்டுக்கிட்டு இரு" என்றாள். புதிதாகச் சேர்ந்தவள், லீவு கேட்கப் பயம். அங்கே பெட்டில் சேர்த்துவிட்டார்கள். அவள் அம்மா கலைமகள் கூட இருக்கிறாள்.

மில்லில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டால் பதிலி ஆள் போவார், தறி நிற்காது. அந்த மாதிரிதான் நானும். அஞ்சாவது படித்தவளுக்கு அவள் வேலை வராது. பொட்டை மட்டும் அணைய விடமாட்டேன். எங்கள் குடும்பத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் முதல் ஆள் அவள். வேலையை விட்டு எடுத்துவிடாதீர்கள்.

தனக்கொடி


சேலம்
13.11.2024

அன்புள்ள அம்மா,

கவிநிலாவின் போன் அணைந்திருக்கிறது. உங்கள் நம்பர் என்னிடம் இல்லை. அதனால் உடனே தபாலில் எழுதுகிறேன்.

எங்களுக்கு ஆபீஸ் கட்டடமே கிடையாது. ஆளுக்கொரு ஊரில், அவரவர் வீட்டில் வேலை. கவிநிலாவை நான் நேரில் பார்த்ததில்லை. மீட்டிங்கில் உங்கள் குக்கர் கத்தினால், "எங்க வீட்டு மில்லு சங்கு சார்" என்று சிரிப்பாள். பொட்டைப் பார்த்தேன், ஆளை விசாரிக்கவில்லை. மன்னியுங்கள்.

வேலை எங்கும் போகாது. கம்ப்யூட்டரை மூடிவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

புருஷோத்தமன்


மூலக்குளம்
2.12.2024

தம்பிக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது. அவளைக் கிடத்தியிருந்தோம்.

வியாழக்கிழமையே கலைமகள் போனில், "உன்னையேதான் கேக்குதும்மா, வந்துட்டுப் போ" என்றாள். "ஆறு மணிக்கு வேலை முடிஞ்சு வரேன்" என்றேன். போனபோது தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனசு வரவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் வேலை நேரமாயிற்றே என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். பதினொரு மணிக்குப் போய்விட்டாள்.

உங்கள் ஆட்கள் கம்ப்யூட்டரில் பூப் படமாக அனுப்பியதைக் கமலா காட்டினாள். எல்லாருக்கும் என் நன்றியைச் சொல்லுங்கள். உங்கள் மேல் வருத்தம் இல்லை. கம்ப்யூட்டர் பெட்டியைத் துடைத்து அவள் துப்பட்டாவில் சுற்றி வைத்திருக்கிறேன், ஆள் அனுப்புங்கள்.

அன்றைக்குப் பதினொரு மணிக்கு நீங்கள் பார்த்திருந்தால், தம்பி, பச்சையாகத்தான் இருந்திருக்கும்.

தனக்கொடி