உமணர் ஓலைக்கு மேலுறை இடும் ஆணை

நலம் நிலைக்க. ஏழு ஆற்றுத்துறைகளையும் பன்னிரு மலைவாயில்களையும் தம் குடைக்கீழ் உடைய வெண்குன்ற நாட்டு அரசியார் நன்முகைத் தேவியாரின் திருவாய்மொழிப்படி, அஞ்சல் வழிகளின் அதிகாரி செங்கழனி வரையும் ஓலை. கீழ்மண்டலம் காக்கும் அதிபதி பொழில்வேள் காண்க. உம் ஏரிகள் நிறைக. உம் குடிகள் பசி அறியாதிருக்க.

நாலாம் சாவடிக் காவலன் சாத்தன் காரியைப் பணியிலிருந்து நீக்கி, நாட்டு எல்லைக்கு அப்பால் துரத்த ஒப்புதல் கேட்டு நீர் விடுத்த ஓலை வந்தது. கொட்டும் மழையில், காலை தொடங்கி விளக்கேற்றும் பொழுதுவரை, சாவடியின் வடக்கு வாயிலுக்கு வெளியே அவன் உம்மை நிற்க வைத்தான் என்கிறீர். உண்மை, நிற்க வைத்தான். ஏன் என்பதை உம் ஓலை சொல்லவில்லை. ஆதலால் இவ்வோலை சொல்கிறது.

உப்பு வணிகரான உமணருக்கு மேற்கே கடற்கரையில் ஒரு பண்டகசாலை. கிழக்கே உம் மலையடியில் மற்றொன்று. இரண்டுக்கும் நடுவே அவர்களுக்கென்று தனி வழி கிடையாது. அவர்கள் ஓலையை நம் அஞ்சல் வழியே கொண்டு சேர்ப்பதாக அரசியார் வாக்களித்திருக்கிறார். கிழக்குப் பண்டகசாலைக்கு இரு வாயில்கள். இரண்டும் திறந்திருந்தால் ஒன்றில் நுழைந்த வண்டி மற்றதில் வெளியேறி, சுற்றுச்சாலையில் திரும்பி, மறுபடியும் நுழைந்த வாயிலுக்கே வந்துவிடும். ஆகவே எதைத் திறப்பது, எதை மூடுவது என்று மேற்கிலுள்ள தலைவர் நாள்தோறும் தம் ஆட்களுக்குக் கட்டளை விடுவார். ஐப்பசி எட்டாம் நாள் விட்ட ஓலையில் அப்பண்டகசாலையின் வடக்கு வாயிலை மூடச் சொல்லியிருந்தார்.

அது உமணர் உமணருக்கு எழுதியது. காரியின் கையில் அது ஏன் பிரிந்தது? வழியில் வரும் கட்டளை ஓலை எதுவாயினும் அந்தந்தச் சாவடியிலேயே பிரித்து, படித்து, நிறைவேற்றி, அங்கேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது உம் மண்டலத்து விதி. அவன் மூன்று முறை படித்தான். சந்தை நாளில் வாயிலை மூடுவது அவனுக்கே பொருந்தவில்லை. ஆயினும் விதிப்படி தன் சாவடியின் வடக்கு வாயிலை மூடினான். பிறகு நீர் வந்தீர். நடந்ததை அவன் அவையில் சொன்னான், சொன்னபடியே எழுதப்படுகிறது.

“அதிபதி ஐயா குதிரையில இருந்தபடியே, ‘டேய், நான் யாருன்னு தெரியுதா?’ன்னு கேட்டாங்க. ‘தெரியுதுங்க ஐயா, இந்த விதியில முத்திரை வச்சதே நீங்கதானுங்களே’ன்னேன். ‘அப்ப திறடா’ன்னாங்க. ‘வாயால சொன்னா ஆகாதுங்க, ஓலை வேணும்’னேன். அதுக்கப்புறம் அவங்க சொன்னதை, ஓலை எழுதுற அம்மணி, நீங்க எழுத வேணாம்.”

எழுதவில்லை. அரசியார் சிரித்தார் என்பது மட்டும் எழுதப்படுகிறது.

கிழக்கே யாரும் சிரிக்கவில்லை. ஓலை வந்து சேராததால் உமணரின் இரு வாயில்களும் திறந்தே கிடந்தன. நூற்று நாற்பது வண்டிகள் சுற்றிச் சுற்றி வந்தன. மூன்றாம் நாள் வண்டி திரும்பக்கூட இடமில்லை. பதினொரு எருதுகள் தீனியும் ஓய்வுமின்றி நுகத்தடியிலேயே மடிந்தன.

இப்படி ஆகும் என்று சென்ற ஆடியிலேயே உமக்கு எழுதி, ஓலைக்கு மேலுறை இடும் மாற்று விதியும் அனுப்பப்பட்டது. நீர் அதன் ஓரத்தில், ‘சுண்ணாம்புக் காளவாய்க்காரன் மகள் நாலெழுத்துப் படித்துவிட்டு எனக்கு உறை தைக்கக் கற்றுத் தருகிறாளா? நான் படிக்காத ஓலை என் சாவடியைத் தாண்டாது’ என்று கீறித் திருப்பினீர். காளவாய்க்காரர் மகள்தான். அவள் குடும்பத்தில் எழுத்தாணி பிடித்த முதல் கை இதுவே. இந்தக் கை எழுதியதை ஏற்றிருந்தால் நீர் அன்று நனைந்திருக்க மாட்டீர்.

ஆகவே அரசியார் ஆணை. உமணர் பண்டகசாலை வாசல்களை ஒட்டிய இரு கடைசிச் சாவடிகளும் உறையிடும் சாவடிகள் ஆகுக. உமணரின் கட்டளை ஓலை உள்ளே வந்ததும், பிரிக்காமல், அதன்மேல் நம் உறையைச் சுற்றி இரட்டைக் கொக்கு முத்திரை இடுக. நடுச் சாவடிகள் கொக்கை மட்டும் பார்த்து மேலே அனுப்புக; உள்ளிருப்பது அவர்கள் வேலையன்று. மறுமுனைச் சாவடி உறையைக் கழற்றி, உமணர் போட்ட முடிச்சு குலையாமல் ஒப்படைக்க. இரு முனையும் ஒரே நாளில் தொடங்க வேண்டும். ஒரு முனையில் உறையிட்டு மறுமுனையில் கழற்றாவிட்டால் உமணர் கையில் போய் விழுவது அவர்களுக்கு விளங்காத பொதிதான். வழி அடைபடாதிருக்க, நாழிகைக்குப் பத்து ஓலைக்கு மேல் வந்தால் மிஞ்சியதை ஏற்காமல் தள்ளுக. இருபதைத் தாண்டினால் அந்த வாசலையே சாத்துக. நம் கொக்கு ஏற்கெனவே பதிந்த ஓலை உமணர் வாசல் வழியே உள்ளே நுழையுமாயின், நம் ஓலையே வட்டமடிக்கிறது என்று பொருள். ஒன்று வந்தாலும் போதும், அக்கணமே சாத்தி அறிவிக்க.

காரி மேல் குற்றமில்லை. பிழை விதியில், விதி உம்முடையது. கிழக்குக் கடைசிச் சாவடிக்கு இனி அவனே காவலன்.

இது அவனுக்கு இன்னும் தெரியாது. மேலுறையைக் கழற்றி இவ்வோலையை உம் கையில் தந்துவிட்டு வாசலில் நிற்பவன் அவன்தான். இதை எழுதுகையில், “என்னைத் துரத்தச் சொல்லி இதுல எழுதியிருக்குங்களா அம்மணி?” என்று ஒருமுறை கேட்டான். உறைக்குள் இருப்பது சுமப்பவன் வேலையன்று என்று சொல்லப்பட்டது. “சரிங்க” என்றான். இது உம் கைக்கு வரும்போது, மடியில் கட்டிக்கொண்டு ஆறு நாள் நடந்திருப்பான். படிக்கத் தெரிந்தவன், வழியெங்கும் தனியன். நீர் அவிழ்த்த உள்முடிச்சு அரசியார் கையால் போட்டது. அது குலையாமல் இருந்ததை நீரே கண்டிருப்பீர்.

அவனை உள்ளே அழைத்து, முதல் வரியிலிருந்து நீரே உரக்கப் படித்துக் காட்டுக.

கார்த்திகை முதல் நாள், அரசியார் திருமுன் முத்திரை இட்டது. வெளியே மழை பெய்கிறதென்றால், முதலில் கதவைத் திறக்க.