ஒரே மாதிரி இரண்டு வாக்குமூலங்கள்

செப். 9, செவ்வாய்
காலையிலேயே வெயில். பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரை பஸ்ஸில் நின்றபடி. பதினொன்றுக்கு அரசு வக்கீல் ஆபீஸ்.

விக்கிரமங்கலம் பக்கம் டிப்பர் லாரி மோதி வளர்மதி இறந்த வழக்கு. களையெடுத்துவிட்டு நடந்து வந்தவள். குற்றப்பத்திரிகை வரைவை வக்கீல் சார் சரி என்றால் கோர்ட்டில் போட்டுவிடலாம். நிலுவையில் ஒன்று குறையும்.

இரண்டு தாள்களை அருகருகே வைத்தார். டீக்கடைக்காரர் வாக்குமூலம். ஆடு மேய்க்கும் அஞ்சலை வாக்குமூலம். வரிக்கு வரி ஒரே மாதிரி. எழுத்துப்பிழை உட்பட.

"எஸ்.ஐ. அம்மா, இந்த அஞ்சலைய நீங்க பாத்தீங்களா?"

இல்லை. அது திருவிழா பந்தோபஸ்து வாரம். ஏட்டு எழுதினார். கையெழுத்து என்னுடையது.

"நான் சரின்னு எழுதிடலாம். கூண்டுல ஏறி அந்தம்மா வேற சொன்னா?"

கோப்பைத் திருப்பித் தந்துவிட்டார். எனக்குக் கோபம். அவர் மேல் இல்லை.

செப். 10, புதன்
இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். "டிரைவரே நான்தான் ஓட்டுனேன்னு வந்து நின்னுட்டான். அப்பறம் என்னம்மா? மாசக் கடைசிக்குள்ள போட்டுடுங்க."

அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை. சமையல் கேஸ் சிலிண்டர் புக் பண்ணணும். ஷூ தையல். மூன்றும் நாளைக்கு.

செப். 12, வெள்ளி
அஞ்சலையைக் கண்டுபிடிக்கவே மதியம். ஏரிக்கரையில் ஆடுகளோடு.

"என்னைய யாரும் கேக்கவே இல்லியேம்மா."

கைதான டிரைவர் செல்வராசுவின் போட்டோவைக் காட்டினேன். கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"இவரு இல்ல. ஓட்டுனது லாரி மொதலாளியோட தம்பி. தெனமும் இந்த வழியா போறவருதான். எறங்கி அந்தப் புள்ளயப் பாத்தாரு. போன் பேசிக்கிட்டே நடந்து போயிட்டாரு."

கரையிலேயே உட்கார்ந்து அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

சாயங்காலம் வக்கீல் சாருக்கு போன். "நாளைக்கி வாங்க. உக்காந்து பாப்போம்."

செப். 13, சனி
லீவு நாள். ஆபீஸில் அவரும் நானும் மட்டும். அவர் சொல்லச் சொல்லக் குறித்தது:
அன்று லாரியை எடை போட்ட எடைமேடையின் கேமரா பதிவு.
முதலாளி தம்பியின் போன் அன்று எந்த டவரில்.
செல்வராசு அன்று எங்கே.

"மொத வாக்குமூலம் எப்படி வந்துச்சுன்னும் எழுதுங்க. மறைக்காதீங்க."

"எனக்கு மெமோ வரும் சார்."

"வரும்."

தயிர்சாதத்தில் பாதியை என் பக்கம் தள்ளினார். பசியில்லை. சாப்பிட்டேன்.

செப். 18, வியாழன்
தூறல். கேமராவில் ஸ்டியரிங் பிடித்திருப்பது தம்பிதான். முகம் தெளிவு.

ஜாமீனில் வந்து சிறுவாச்சூரில் இருந்த செல்வராசுவை வரவழைத்தேன். முதலில் பழைய கதையே. படத்தைக் காட்டியதும் தலை குனிந்தான்.

"அன்னிக்கி எனக்கு காச்சலுங்க. வூட்லதான் படுத்திருந்தேன். மொதலாளி கூப்புட்டாரு. நீ போயி நில்லு, ஜாமீன்ல எடுத்துடுறோம்னாரு. பன்னண்டு வருசமா அவருகிட்டதான இருக்கேன், எப்படிங்க மாட்டேங்கறது?"

டீ வாங்கிக் கொடுத்தேன்.

செப். 24, புதன்
தம்பி கைது. செல்வராசுவைச் சாட்சியாக்கலாம் என்று வக்கீல் சார் எழுத்தில் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் என் முகம் பார்க்கவில்லை.

வளர்மதி புருஷன் ஸ்டேஷன் வாசலில். "அப்ப இத்தினி நாளா நான் வேற ஆளயா திட்டிக்கிட்டிருந்தேன்?" உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தேன்.

செப். 26, வெள்ளி
மெமோ வந்துவிட்டது. ஏழு நாளில் விளக்கம். இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். வக்கீல் சார் போன்: "எழுதினதக் கொண்டாங்க. நானும் ஒரு தடவ படிக்கிறேன்."

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் செல்வராசு. என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"வேல போச்சுங்க மேடம்."

திருச்சி பஸ் வந்தது. ஏறிவிட்டான்.