கோட்டை வாசலில் காய்ந்த வடகம்

உலகம் இதுவரை கேட்டிராததும், கேட்டபின் உறங்கவொண்ணாததுமான பெருஞ்செய்தி இவ்வோலையில் அடங்கியுள்ளது. ஆதலால் எழுந்து நின்று படிக்க.

இடியை அதட்டியவரும், கடலைக் காக்கவைத்தவரும், பேர் சொன்னால் எண்திசையும் நடுங்கப்பெற்றவருமான கொடும்பாறை நாட்டு மாமன்னர் மின்னற்கொடி மாவேளின் திருவுளப்படி, எல்லையில் யானைகளோடும் பசியோடும் காத்திருக்கும் படைத்தலைவர் நெடுங்கை அம்பரனார்க்கு அமைச்சன் பூதங்குன்றன் எழுதுவது. பாசறையில் நலம் நிலவுக, வேல்கள் துருவேறாதிருக்க.

தாழைமூதூரின் மேல் படையெடுக்கும் வழி அறிந்துவர, ஒற்றன் எயினனை ஊர்சுற்றியாக வேடமிட்டு, முதுகில் மூட்டையேற்றி அனுப்பினோம். வழியறியாது திரும்பினால் தலை கழுத்தில் தங்காது என்று மன்னர் அவனை அன்போடு வழியனுப்பினார்.

அவன் அனுப்பிய ஓலை நேற்று வந்தது. அந்நாட்டில் எவரும் அவன் ஊர்பேர் கேட்கவில்லையாம். சாப்பிட்டாயிற்றா என்றே கேட்டார்களாம். ஆயிற்று என்றாலும் இலை போட்டார்களாம். தலைநகரை அடைவதற்குள் இடைக்கச்சையைத் தளர்த்தவேண்டியதாயிற்று. அங்கே அரண்மனையைவிடக் குளம் பெரிது. அரண்மனை எதுவென்று வினவினால் ஆளுக்கொரு திசை காட்டினார்கள்.

கோட்டைக் கதவு மலைபோல் நின்றது, திறந்தும் கிடந்தது. வாசலை அடைத்துப் பாய்விரித்துக் கூழ்வடகம் காயவைத்திருந்தார்கள். நல்ல வெயில் விழுவது அங்கேதானாம். எயினன் திகைத்து நிற்க, காவலர் தலைவன் குறும்பன் அவனைக் கண்டு, வாப்பா, சும்மாதானே நிற்கிறாய், நாங்கள் உண்டு வரும்வரை காக்கை விரட்டு என்று தன் வேலையே கையில் கொடுத்தானாம். மிதித்துவிடாதே, என் மாமியார் பிழிந்தது, அப்புறம் நான் வீட்டுக்குப் போகமுடியாது என்றும் எச்சரித்தானாம். எயினனும் வாக்களித்தான்.

இவ்வாறு பகைவரின் கோட்டை வாசல் ஒரு பகல் முழுதும் நம் ஒற்றனின் காவலில் இருந்தது. எந்நாட்டு ஒற்றனும் எய்தாத இவ்வெற்றியை அவன் காக்கை விரட்டுவதில் செலவிட்டான். ஒரு காக்கையும் உள்ளே வரவில்லை என்று பெருமையாக வேறு எழுதியிருக்கிறான்.

மாலையில் நம் மன்னரின் பேச்சை நயமாக எடுத்தான். பட்டங்களை அவன் சொல்லி முடிப்பதற்குள் குறும்பன் வடகத்தை அள்ளி முடித்து, யாரப்பா அது, உங்கள் ஊர்க் கூத்தாடியா என்றானாம். இவ்வரியை மன்னர்முன் படிக்கையில் எமக்கு இருமல் வந்துவிட்டது.

எயினன் முடிவாகத் தெரிவிப்பது: பகலில் வாசல் திறந்தேயிருக்கும், ஆனால் பாய்க்கும் மதிலுக்கும் நடுவே ஓராள் ஒருக்களித்துத்தான் போகலாம், யானை போகாது. வடகத்தை மிதிக்க அவன் விடமாட்டான், வாக்குக் கொடுத்துவிட்டான். பாய் சுருட்டியதும் கதவை அடைத்துவிடுவார்கள். மழைக்காலத்தில் வடகம் இராது. ஆனால் ஆறு கரைபுரளும்.

தன் ஓலையோடு அவன் அனுப்பிய பெட்டியைத் திறந்து, உள்ளதைப் பொரித்து வரச்செய்து, மன்னர் இதனை நெடுநேரம் ஆராய்ந்தார்.

ஆகவே அரசாணை: படை வீடு திரும்புக. இது பின்வாங்கல் அன்று. வெற்றியை ஒத்திவைத்தல் என்றே பறையறைவிக்க. எயினனின் தலை கழுத்திலேயே இருக்கலாம். நாளையும் அவனுக்கு அங்கே காவல் முறை இருப்பதால், அது இப்போதைக்கு இங்கே வராது.

மின்னல் முத்திரை பதிந்தது. கண்டவுடன் இயற்றுக.

வடகம் தீர்ந்துவிட்டது.