தோணியைத் தள்ளியவன்

ஷஃபான் மாதம், பிறை பத்து, இரவு.

கடல் ஊருக்குள் ஏறிய வருடம் பிறந்த என் மகள் றிஸ்னா, ஓதப் படித்த அரபு எழுத்து மட்டுமே தெரிந்த, தமிழையும் அதிலேயே எழுதுகிற எனக்கு, இன்று ஓர் இங்கிலீஷ் மாயக்கதையைத் தமிழில் சொன்னாள். அதில் ஒரு தோணிக்காரன், கரையில் ஓடிவரும் ஆட்களை விட்டுவிட்டுத் தோணியைத் தள்ளிக்கொண்டு போகிறான். அதற்குப் பிறகு அவன் 'நான்' என்று சொல்வதேயில்லை. தன்னையே 'அவன்' என்கிறான்.

"இப்பிடி இங்கிலீசில ஆரும் கதைக்கிறல்ல வாப்பா. ஏன் தள்ளினானெண்டும் எழுதல்ல. பயமா, கள்ளமா?"

"பயம்தான் மகள்."

"நீங்க கண்டீங்களா?"

 கடல் ஏறிய அன்று என் தம்பி ஓடிவர, தோணிக்காரன் அலியார் அவனை விட்டுவிட்டுத் தோணியைத் தள்ளியதைப் பள்ளிவாசல் மாடியிலிருந்து கண்டேன். தம்பி கடலோடு போனான். அதற்குப் பிறகு அலியாருக்கு ஸலாம் சொன்னதில்லை. இப்போது அவன் மவுத்துப் படுக்கையில் சாகக் கிடக்கிறான். "பொறுத்தேன் எண்டு ஒரு சொல் சொல்லச் சொல்லுங்க" என்று இன்றும் ஆள் அனுப்பினான்.

அந்தச் சொல் எனக்கு வாயில் வரவில்லை. போகாமலிருக்கவும் முடியவில்லை. மாடியிலிருந்து நான் கண்டது தம்பியின் முதுகை மட்டும்தான். தம்பியின் முகத்தைக் கண்டவர்கள் தோணியில் இருந்தவர்கள். அந்த முகம் எப்படி இருந்தது என்று சொல்ல, அவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது அலியார் ஒருவன்தான்.