அக்காவின் கால அட்டவணை

ஜூன் 3

அன்புள்ள குட்டிக்கு,

ஒரே ஊரில் இருந்துகொண்டு என்ன கடிதம் என்று முகத்தைச் சுளிக்காதே. போனில் நான் உன்னைப் பேசவே விடுவதில்லை, நீயும் பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. இது என் மூளையில் உதித்தது அல்ல, மெதுவம்மா சொன்னது.

மெதுவம்மா என்பது டிப்போ டாக்டர் அனுப்பிவைத்த மனநல ஆலோசகருக்கு நான் வைத்த பெயர். எதற்கெடுத்தாலும் "மெதுவா" என்பார். இருபத்திரண்டு வருஷம் நிமிஷம் தவறாமல் பஸ் ஓட்டியவளுக்கு அது எப்படி இருக்கும், நீயே சொல். முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டேன். "விபத்து நடந்து ஒரு வருஷம் தாண்டிடுச்சு. ஜூன் இருபத்தெட்டாம் தேதி எனக்கு ஓட்டுநர் தேர்வு. தவறினா காலம் பூரா டிக்கெட் கவுண்டர்தான். சீக்கிரம் குணப்படுத்துங்க." அதற்கு அவர், "முதல்ல செருப்பைக் கழட்டிட்டு உக்காருங்க" என்றார்.

நாலு வாரம் விபத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பாதத்தைத் தரையில் அழுத்து, தோள் எப்போது காதுவரை ஏறுகிறது என்று கவனி, இவ்வளவுதான். அப்புறம் அந்த நாற்சந்தியை வரையச் சொன்னார். என் பஸ் சோப்புப் பெட்டி மாதிரி வந்தது, இருவரும் சிரித்துவிட்டோம். சில நாள் பேச்சு, சில நாள் மூச்சு, சில நாள் வெளியே ஒரு நடை. உன் தொழில் மாதிரிதான் குட்டி, ஆளுக்கு அளவெடுத்துத் தைக்கிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். இன்ஜின் ஓடவில்லை, ஆனால் முழுசாகப் பதினொரு நிமிஷம். விபத்துக்குப் பிறகு இதுவே முதல் தடவை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

உன் மணிக்கட்டு எப்படி இருக்கிறது? பதில் போடு.

உன் அக்கா

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன்னைச் செருப்பைக் கழற்ற வைத்து, வாயை மூடி உட்கார வைத்தவர் லேசுப்பட்டவர் இல்லை. அவருக்கு என் வணக்கத்தைச் சொல்.

மூன்று பக்கத்தில் என் மணிக்கட்டுக்கு ஒரு வரி ஒதுக்கியதற்கு நன்றி. கத்தரிக்கோல் பிடிக்க முடிகிறது. தடித்த துணியைத் திருப்பிப் போட முடியவில்லை. பள்ளிச் சீருடை ஆர்டர் வந்திருக்கிறது. வெட்டுவது நான், தைப்பது பக்கத்து வீட்டு அக்கா. ரெண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு இதுவே பெரிது.

பதினொரு நிமிஷம் என்று படித்ததும் எனக்கும் மனசு ஒரு துள்ளு துள்ளியது, பொய் சொல்ல மாட்டேன். சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்.

குட்டி

ஜூன் 17

என் தங்கமே,

ஓட்டினேன். டிப்போ மைதானத்தை மூன்று சுற்று. மெக்கானிக் தொப்பையார் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார். இரண்டாவது திருப்பத்தில் நெஞ்சு அடைத்தது. மெதுவம்மா சொன்னபடி வாய்விட்டுச் சொன்னேன்: "இது டிப்போ. இது இன்னைக்கு. லாரி எதுவும் வரல." அடைப்பு தானாக இறங்கியது. இத்தனை நாள் இந்தத் தைரியம் எங்கே ஒளிந்திருந்தது என்று இருக்கிறது எனக்கு.

போன வாரம்தான் முதல் தடவையாக முழுக் கதையையும் அவரிடம் சொன்னேன். நீ பின்னால் ஜன்னலோரம் உட்காரப் போனதும், நான்தான் "முன்னால வந்து உக்காரு, பேசிக்கிட்டே போலாம்" என்று கூப்பிட்டதும், லாரி அந்த இருக்கை மேலேயே மோதி உன் மணிக்கட்டு நொறுங்கியதும். குலுங்கிக் குலுங்கி அழுதேன். "இன்னைக்கு இது போதும்" என்று தண்ணீர் கொடுத்து அனுப்பினார். அன்று ராத்திரி அடித்துப் போட்டது போல் தூங்கினேன்.

எனக்குப் பலித்தது உனக்குப் பலிக்காதா? உனக்கென்று ஒரு கால அட்டவணை போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். காலை 6.10 பாதம் தரையில். 6.15 மூச்சு. 6.25 பயத்தை வரைதல். 6.40 அழுகை (தேவைப்பட்டால்). 6.50 புறப்பாடு.

தேர்வில் தேறினால் ஜூலை ஒன்றாம் தேதி முதல் ட்ரிப். உன் தெரு நிறுத்தத்துக்கு 9.40க்கு வருவேன். நீ ஏறி அதே முன் இருக்கையில் உட்கார வேண்டும். அன்றோடு எல்லாம் சரியாகிவிடும் பார்.

பறந்துகொண்டிருக்கும்
அக்கா

ஜூன் 22

அக்கா,

உன் அட்டவணையைப் படித்து முதலில் சிரித்தேன். 6.40 அழுகை என்ற இடத்தில் பற்றிக்கொண்டு வந்தது. பத்து நிமிஷத்தில் அழுது முடித்துப் புறப்பட நான் என்ன உன் பஸ்ஸா?

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. லாரிமேல்தான் தப்பு என்று விசாரணையிலேயே சொல்லிவிட்டார்கள், நானும் அதையே சொல்கிறேன். ஆனால் நீ லாரியைப் பார்த்தாய், உன் கையில் ஸ்டியரிங் இருந்தது. நான் பார்க்கவே இல்லை. உன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். இப்போது யார் முகத்தைப் பார்த்துச் சிரித்தாலும் பக்கவாட்டில் ஏதோ வருவது போலிருக்கிறது. அன்றிலிருந்து நான் எந்த வண்டியிலும் ஏறியதில்லை. ஆஸ்பத்திரிக்கும் நடைதான், துணிக்கடைக்கும் நடைதான். உனக்குத் தெரியாது, நீ கேட்டதில்லை.

உனக்கு நல்லது நடக்கும்போது மூக்கைச் சிந்துகிறேனே என்று என்மேலேயே எனக்குக் கோபம். நீ தேற வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன். ஒன்றாம் தேதி நிறுத்தத்தில் வந்து நிற்பேன், நீ ஓட்டுவதைப் பார்க்க வேண்டும். ஆனால் ஏற மாட்டேன். கூப்பிட்டுவிடாதே. கூப்பிட்டால் இனி உன் கடிதங்களைப் பிரிக்க மாட்டேன்.

குட்டி

ஜூலை 1

அன்புள்ள குட்டிக்கு,

தேறிவிட்டேன். அதை மட்டும் சொல்லிவிட்டு அப்புறம் உன் விஷயம்.

உன் கடிதத்தை மெதுவம்மாவிடம் காட்டினேன். அட்டவணையைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு, "உங்களுக்கே நான் தேதி குறிக்கல. அவங்களுக்கு நீங்க குறிச்சீங்களே" என்றார். கூனிக்குறுகிப் போனேன். உன்னைக் குணப்படுத்தத் துடித்ததெல்லாம் என் உறுத்தல் தீரத்தான் என்று அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. என்னை மன்னித்துவிடு.

இன்று காலை 9.40. திருப்பத்திலேயே உன்னைப் பார்த்துவிட்டேன், பச்சைச் சட்டை. நிறுத்தத்தில் ஆள் நின்றால் நிறுத்திக் கதவைத் திறந்தே ஆக வேண்டும், விதி. திறந்தேன். ஒரு பெரியவர் கைத்தடியோடு இறங்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். நமக்கு நடுவே மூன்று படிதான். "ஏறு" என்ற சொல் தொண்டைவரை வந்து முட்டியது. நீ கம்பத்தைப் பிடித்திருந்த கை வெளுத்திருந்ததைப் பார்த்தேன். கதவை மூடினேன். நீ சிரித்தாயா அழுதாயா, கண்ணாடியில் சரியாகத் தெரியவில்லை. கடைசி நிறுத்தம்வரை நன்றாகவே ஓட்டினேன், வண்டியை நிறுத்திய பிறகுதான் அழுதேன்.

நாளை எனக்கு விடுமுறை. உன் வீட்டுக்கு வருகிறேன், நடந்து. ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும் என்றார் தொப்பையார், வழியை அட்டையில் வரைந்தும் கொடுத்தார். வந்து எதுவும் கற்றுக்கொடுக்க மாட்டேன். உனக்குச் சொல்லத் தோன்றினால் சொல், குறுக்கே பேசாமல் கேட்கிறேன். தோன்றாவிட்டால் சீருடைகளை எடுத்து வை, பட்டன் தைத்துத் தருகிறேன்.

கடிதம் தபாலில் போனால் எனக்குப் பிறகுதான் வந்து சேரும். அதனால் கையிலேயே கொண்டுவருகிறேன். கதவைத் திறக்க மனமில்லை என்றால் பரவாயில்லை, இதைக் கீழே இடுக்கு வழியாகத் தள்ளிவிட்டுத் திரும்பி நடப்பேன்.

உன் அக்கா