தண்ணீர்க்காரி தூங்கவில்லை

என் தங்க மகள் ரிஸ்மியாவுக்கு உம்மாவின் ஸலாம்.

கப்பல் நாடகத்தைப் படமாக எடுத்துவிட்டார்கள், மகள். டிவியில் பாதியில் நின்றுபோன கதைக்கு ஒருநாள் முடிவு வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாயே, வந்துவிட்டது. நீ மௌத்தாகி, உன்னை அடக்கி ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆன பிறகு வந்திருக்கிறது. நான் போய்ப் பார்த்தேன். நல்ல செய்தி என்று நினைத்துக்கொள்ளாதே. கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

உன் கூட்டாளி நஸ்ரின்தான் வந்து கூப்பிட்டாள். "மாமி, கப்பல் படம் டவுன் தியேட்டருக்கு வந்திரிக்கு. தமிழ்லயே பேசுறாங்களாம். வாங்க, போவம்."

"எனக்கென்னத்துக்குப் புள்ள படம்? மகள் மௌத்தாகி உம்மாக்காரி தியேட்டருக்குப் போறா எண்டு சனம் கதைக்கும்."

"கதைக்கட்டும் மாமி. அதுகளுக்கும் பொழுது போகணுமே."

சிரிப்பு வந்துவிட்டது. அதற்காகப் போகவில்லை. தண்ணீர்க்காரிக்காகப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மஃரிபு தொழுதுவிட்டு நாம் இரண்டு பேரும் டிவிக்கு முன்னால் உட்காருவோமே. அவர்கள் இங்கிலீசில் பேசுவார்கள், கீழே சிங்கள எழுத்து ஓடும். எனக்கு இரண்டும் வராது. மன்னாரிலிருந்து நாங்கள் இடம்பெயர்ந்து வந்த அன்றோடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. சந்தையில் மரக்கறி வாங்குகிற அளவுக்குத்தான் என் சிங்களம். நீதான் எழுத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சொல்வாய். பூமியில் தண்ணீர் வற்றி, வேறு பூமி தேடி வானத்தில் போகிற கப்பல். அதில் எல்லாருக்கும் தண்ணீர் அளந்து கொடுக்கிற பொம்பிளைப் பிள்ளை. கப்டன் கேட்டாலும் ஒரு கோப்பை கூடக் கொடுக்கமாட்டாள். அவளுடைய பெயர் என் வாயில் நுழையவில்லை. தண்ணீர்க்காரி என்று வைத்துக்கொண்டோம். நம் குறிஞ்சிப்பிட்டிக் கிணறு உப்புக் கரிக்கத் தொடங்கிய காலம் அது. அவளை எனக்கு எப்படிப் பிடிக்காமல் போகும்?

நாடகத்தின் கடைசிக் கிழமைகளில் அவளுக்கு வருத்தம் வந்தது. அதற்கு மருந்து அந்தக் கப்பலில் இல்லை. மருந்து இருக்கிற பூமிக்குப் போய்ச் சேரும்வரை அவளைக் கண்ணாடிப் பெட்டியில் தூங்க வைத்திருக்கிறார்கள் என்று நீ சொன்னாய். அதோடு நாடகமும் நின்றது. அவள் எழும்ப வேண்டும் என்று நான் அல்லாஹ்விடம் துஆக் கேட்டேன். "உம்மா, அவ நடிகை உம்மா, இப்ப வீட்ட சோறு தின்றுட்டு இரிப்பா" என்று நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

படத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உனக்கு அவ்வளவாகப் பிடித்திருக்காது. நம்முடைய கப்பல் துருப்பிடித்து, ஒரு பக்கம் ஒழுகிக்கொண்டு, பார்க்கவே பாவமாக இருக்கும். இதில் அதைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். அங்கே சண்டையெல்லாம் வாய்ச்சண்டைதான், ஒரு கோப்பைத் தண்ணீருக்கு. இங்கே எடுத்ததற்கெல்லாம் துவக்கைத் தூக்கிச் சுடுகிறார்கள். கப்டனுக்கு வயது போய்விட்டது, தாடி நரைத்துவிட்டது. அவர் வாயைத் திறந்து "ஆமாம்" என்றதும் எனக்கு யாரோ மாதிரி இருந்தது. நீ சொல்லும்போது அவர் எப்போதும் "ஓம்" என்றுதானே சொல்வார்.

ஆனால் அந்தப் புதுப் பூமியில் முதல் மழை பெய்கிற இடம் நன்றாக இருந்தது. சனமெல்லாம் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. இனி அவளை எழுப்புவார்கள் என்று நானும் காத்திருந்தேன்.

கப்டன் ஒரு சுவருக்கு முன்னால் போய் நிற்கிறார். அதில் பெயர்கள். ஒரு பெயரைத் தடவுகிறார். அவருக்குப் பழைய நினைவு வருகிறது. வெள்ளைத் துணி சுற்றிய மையத்து. கப்பலின் கதவு திறக்கிறது. அதை வெளியே இருட்டுக்குள் விடுகிறார்கள். "தண்ணீரைக் காத்தவள் இந்த மழையைப் பார்க்காமலே இறந்துபோனாள்" என்று அவர் சொல்கிறார். சுத்தமான தமிழில் சொல்கிறார், மகள். எனக்கு விளங்காமல் போக வழியில்லை.

நான் எழும்பி நின்று, "பொய்! அவ தூங்குறா!" என்று சத்தம் போட்டுவிட்டேன்.

பின்னால் இருந்து ஒருவர், "ராத்தா, கதிரையில இரிங்க, மறைக்குது" என்றார். நஸ்ரின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "மாமி, அவ டிவிலயே மௌத்தாகிட்டா. அந்தக் கடைசிக் கிழமையே."

"மகள் அப்படிச் சொல்லல்லையே."

மிச்சப் படத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஒரு கணக்கு ஓடியது. அந்தக் கடைசிக் கிழமை எது? உன்னைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கிய மாதம். அங்கே டொக்டர் பேசுவதும் சிங்களம். அதையும் எனக்குச் சொன்னது நீ.

"இரத்தம் குறைவாம் உம்மா. முருங்கை இலையும் ஈரலும் தின்னச் சொல்றாரு."

நானும் ஆக்கித் தந்தேன். காலையில் முருங்கை, பகலில் முருங்கை. "ஆட்டுக்குட்டிக்குக் கூட இவ்வளவு குழை போடமாட்டாங்க" என்று நீ முகத்தைச் சுளிப்பாய். அந்த டொக்டர் என்னைப் பார்த்த பார்வை இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. அன்று, பெரிய மனுசன், சிடுமூஞ்சி என்று நினைத்தேன். வாப்பாவுக்கு நன்றாகச் சிங்களம் வரும். அவர் ஒவ்வொரு தடவையும் வருகிறேன் என்று நிற்பார். "வாப்பா கடலுக்குப் போகட்டும், உம்மா போதும்" என்று நீதானே தடுத்தாய்?

பஸ் மாம்புரி தாண்டியதும் நஸ்ரினிடம் நேராகவே கேட்டேன். "உனக்குத் தெரியுமா, புள்ள?"

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "சத்தியம் வாங்கிட்டா மாமி. உம்மா அழத் தொடங்கினா என்னால தாங்கேலாது எண்டு சொன்னா. நான் இரிக்கிறவரை உம்மா என்னை ஏசிட்டே இரிக்கட்டும், அதுதான் நல்லா இரிக்கு எண்டா."

ஏசினேன்தானே? விடிந்தும் படுத்திருக்கிறாய் என்று ஏசினேன். முற்றம் கூட்டக் கை வளையவில்லையா, போகிற வீட்டில் என்ன சொல்வார்கள் என்று ஏசினேன். காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் நீ போகும்வரை ஏசினேன். ஒருநாள் நீ, "உம்மா, நீங்க பொறந்த ஊரை எனக்குக் காட்டுங்களேன், மன்னாருக்குப் போவம்" என்றாய். அடுத்த வருடம் பார்ப்போம் என்றேன். நீ "ஓம் உம்மா" என்றாய். எப்படி உன்னால் அப்படிச் சொல்ல முடிந்தது? எனக்கு மட்டும் தெரிந்திருந்தால் அந்த நிமிடமே, உடுத்த உடுப்போடு பஸ் ஏறியிருக்கமாட்டேனா?

போன புதன்கிழமை நஸ்ரினைக் கூட்டிக்கொண்டு அந்த டொக்டரிடம் போனேன். உன் கிளினிக் புத்தகத்தைக் கண்டதும் அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அன்று சொன்னதை எனக்கு இன்னொரு தடவை சொல்லச் சொல்லு என்றேன். நஸ்ரின் தயங்கினாள். "ஒரு சொல் விடாமச் சொல்லணும். நீயும் கதை கட்டினா உனக்கும் எனக்கும் இனிக் கதை பேச்சில்ல" என்றேன்.

அவர் சொன்னார். இரத்தத்தில் வந்த வருத்தம். கண்டுபிடிக்கும்போதே கை மீறிவிட்டது. மூன்று மாதம், கூடினால் நாலு. நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு அவராகவே ஒன்றைச் சொன்னார். "உங்களை எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்று நீங்கள் கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை" என்றார்.

நான் என்ன கேட்டேன்? எனக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆலங்குடாவிலிருந்து உனக்கு வந்த சம்பந்தம் கனிந்திருந்த நேரம். "ஹஜ்ஜு மாசத்தில கலியாணம் வைக்கலாமா எண்டு கேளு மகள்" என்றேன். நீ கேட்டாய். அவர் மெதுவாக, நிறைய நேரம் பதில் சொன்னார். நீ என் பக்கம் திரும்பி, "ஓம் உம்மா, வைக்கலாமாம்" என்றாய். அடுத்த கிழமை கலியாண உடுப்புத் தைக்க அளவும் கொடுத்தாய்.

அந்தக் கேள்வியை டொக்டர் திருப்பிச் சொன்னார், நஸ்ரின் அழுதுகொண்டேதான் அதை எனக்குச் சொன்னாள். நீ அவரிடம் கேட்டது இதுவாம்: "என் மகளுக்கு வலிக்குமா என்று உம்மா கேட்கிறா."

வலிக்கு மருந்து தருவோம், ஆனாலும் கடைசியில் கொஞ்சம் வலிக்கும் என்றாராம் அவர்.

உன்னைப் பெற்ற நான் கேட்க வேண்டிய கேள்வி அது. அதை நீயே கேட்டு, நீயே பதிலையும் வாங்கிக்கொண்டு, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாய். ஜன்னல் பக்கம் எனக்குத் தந்தாய். கலியாணச் சாப்பாட்டுக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று நான் வழி முழுக்கக் கதைத்துக்கொண்டு வந்தேன்.

வாப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் கடலிலிருந்து வந்ததும் சொல்லிவிடுவேன், ஒன்றையும் மாற்றாமல். கோபம் இன்னும் போகவில்லை, மகள். போகும் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். மறுமையில் உன்னைக் கண்டால் ஸலாம் சொன்ன கையோடு நானே, என் வாயால் கேட்பேன்: வலித்ததா மகள்? நீ உள்ளதைச் சொல். எங்கே வலித்தது, எவ்வளவு வலித்தது, எல்லாம் சொல். நீ சொல்லி முடிக்கும்வரை நான் அழமாட்டேன்.

உன்னை ஏசிய, உன் உம்மா
நயீமா